தபாலில் வந்த பிரெஞ்சு

செந்த்-எலொதி, கியூபெக்
அக்டோபர் 6

அன்புள்ள மாரே லோலிங்குக்கு,

உன் மகள் ஜெசாவின் ஞானஸ்நானத்தில் அவள் தலையைத் தாங்கிப் பிடித்து, அவளுக்கு ஞானத்தாயும் உனக்கு மாரேயும் ஆன ரெமி எழுதுவது. இப்படி ஆரம்பித்தால்தான் நான் யார் என்று உனக்கு ஞாபகம் வரும். வடக்கே போனவர்களுக்கு மூளை உறைந்துவிடும் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள்.

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? உன் சப்பை மூக்கு இன்னும் முகத்தில் இருக்கிறதா, குளிரில் உதிர்ந்துவிட்டதா?

முதலாளி உன்னைத் தன் இன்னொரு கறித் தொழிற்சாலைக்கு அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. உன் கட்டிலில் மிர்னா பாட்டு மெஷினை ஏற்றி வைத்துவிட்டாள். "லோலிங் அக்கா வந்தா எறக்கிடறேன்" என்கிறாள். இறக்குகிற முகமாகத் தெரியவில்லை. சனிக்கிழமை சினிகாங் குழம்பு வைத்தேன். புளி கூடிப்போய் வீட்டில் ஆறு பேரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

முடி வெட்டப் போன கதையைக் கேள். அந்தப் பெண் ஏதோ கேட்டுக்கொண்டே வெட்டினாள். நம் ஆட்கள் வழக்கம்தான் தெரியுமே, புரியவில்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது. சிரித்துக்கொண்டே "வீ, வீ" என்றேன். ஆமாம், ஆமாம். முடிவில் கண்ணாடியைப் பார்த்தால் நம் ஊர்ப் பாதிரியார் உட்கார்ந்திருக்கிறார்.

வகுப்பு செவ்வாயும் வியாழனும் மாலையில் நடக்கிறது. மொத்தம் பன்னிரண்டு பேர். கொலம்பியாவில் பாலம் கட்டினவன் ஒருவன், பல் டாக்டர் ஒருத்தி, நாலாம் வகுப்போடு நின்றுபோன நான். மதாம் பெர்னியே முதல் நாளில் ஒவ்வொருவரையும் பள்ளிக்கூடத்தில் பிடித்த பாடம் எது என்று கேட்டார். நான் கையால் சாப்பாட்டு மணி அடித்துக் காட்டினேன். சிரித்தார்கள். பக்கத்தில் நீ இருந்திருந்தால் இடுப்பில் கிள்ளியிருப்பாய். சரி, அதை விடு.

நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். வகுப்பில் எனக்குக் கிடைக்கிற ஒவ்வொரு தாளும் உனக்கும் வரும். படம் எடுத்து அனுப்பலாம்தான், ஆனால் உன் போன் கண்ணாடி உடைந்து எழுத்தெல்லாம் எறும்பாகத் தெரிகிறது என்று நீயே சொன்னாய். அதனால் தபால். ஒவ்வொரு வரிக்கும் மேலே அதை எப்படிச் சொல்வது என்று நம் எழுத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். இந்தக் கவரில் ஏழு தாள். உட்கார்ந்து படி. மீன் மடிக்க எடுக்காதே.

உன் மாரே,
ரெமி (இனிமேல் வாத்தியாரம்மா)

*

லாக்-நுவார்
அக்டோபர் 20

அன்புள்ள மாரே,

மூக்கு இருக்கிறது. தாள்களும் வந்தன. ஏழையும் படித்துவிட்டேன். "எனக்கு முதுகு வலிக்கிறது" என்ற வரி மட்டும் ஒரே நாளில் மனப்பாடம் ஆனது. ஏன் என்று உனக்கே தெரியும்.

இங்கே வகுப்பு கிடையாது. பக்கத்து ஊரில் இருந்ததையும் மூடிவிட்டார்களாம். விடுதியில் என்னோடு இருப்பவர்கள் நான்கு குவாத்தமாலாப் பெண்கள். நல்லவர்கள். கையைக் காட்டிப் பேசிக்கொள்கிறோம்.

மாரே, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை அனுமதி ஆகஸ்டு முப்பத்தொன்றோடு முடிகிறது. நிரந்தரமாகத் தங்க மனுப் போட வேண்டுமென்றால் அதற்குள் பேச்சுத் தேர்வில் ஐந்தாம் படி வாங்கியாக வேண்டும். ஜனவரி இருபத்தைந்துக்குப் பணம் கட்டிவிட்டேன். தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜெசாவை இங்கே படிக்கவைப்பேன் என்று அவள் அப்பாவிடம் கையில் அடித்துச் சொல்லிவிட்டு வந்தவள் நான்.

ஒரு உதவி செய். வகுப்பு நடத்துகிற மையத்தில் போய், இடத்துக்குக் காத்திருப்பவர்கள் பட்டியலில் என் பெயர் எத்தனாவது என்று கேள். ஏப்ரலில் நான்தான் முதலில் எழுதிக் கொடுத்தேன், நீ எனக்குப் பின்னால் நின்றாய். நீ உள்ளே போய்விட்டாய், எனக்கு ஒரு அழைப்புகூட வரவில்லை. பொறாமை இல்லை. கொஞ்சம் இருக்கிறது. இடம் வந்தால் முதலாளி காலில் விழுந்தாவது அங்கே திரும்பி வந்துவிடுவேன்.

ஞாயிறு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அன்புடன்,
லோலிங்

*

செந்த்-எலொதி
நவம்பர் 17

அன்புள்ள மாரே,

உடம்புக்கு என்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். போன்தான் நோயாளி. சார்ஜ் நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்து அதற்குக் காய்ச்சல் வருகிறது.

மையத்தில் கேட்டேன். பட்டியல் நீளமாக இருக்கிறதாம். அதற்குமேல் அவர்கள் சொல்லவில்லை.

இந்தக் கவர் ஏன் தலையணை மாதிரி இருக்கிறது என்று தபால்காரி கேட்டிருப்பாள். உள்ளே இருபத்திரண்டு தாள். இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. ஒரு பொட்டலம் உப்புமீன், மூன்று உறை போட்டுச் சுற்றியிருக்கிறேன், இருந்தாலும் பாடத்தில் கொஞ்சம் வாசனை அடித்தால் பொறுத்துக்கொள். வேண்டாம் என்று எழுதாதே. அனுப்புகிறவள் நான், உனக்கென்ன கஷ்டம்?

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று சொல்லச் சொன்னார் மதாம். பாலம் கட்டினவன் ஆறு வரி சொன்னான். என் முறை வந்தது. மனசுக்குள் பெரிய வேடிக்கைக் கதை இருந்தது. மிர்னா பாடினதும் மாடி வீட்டுக்காரன் போலீசைக் கூப்பிடப் போனதும். வாயைத் திறந்தால் "நான் சாப்பிட்டேன். நான் தூங்கினேன்" என்று இரண்டு வரிதான் வந்தது. மதாம் ரொம்ப அன்பாகத் தலையாட்டினார். ஊரையே சிரிக்கவைத்தவள், அங்கே நான் ஒரு சோற்று மூட்டை. வெட்கமாக இருந்தது. உன்னிடம்தான் சொல்கிறேன்.

படி, மாரே. நீ என்னைவிடக் கெட்டிக்காரி. பத்தாம் வகுப்பு முடித்தவள். நீ தேறியே ஆக வேண்டும். உனக்காக இல்லாவிட்டாலும் எனக்காக.

உன்,
ரெமி

*

லாக்-நுவார்
டிசம்பர் 14

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

உப்புமீனை வறுத்தேன். குவாத்தமாலாப் பெண்கள் நான்கு பேரும் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய் நின்றார்கள், பனியில்.

ஜெசாவிடம் அவள் ஞானத்தாயான உன்னைப் பற்றிச் சொன்னேன். "அம்மா, நினாங் மாதிரி ஒருத்தி உனக்குக் கெடச்சது பெரிய விஷயம்மா. கூடப் பொறந்தவங்ககூடச் செய்ய மாட்டாங்க" என்றாள். உண்மைதான். வேலையில் நின்று களைத்த கையோடு எனக்காக ஒவ்வொரு வரிக்கும் மேலே பென்சிலால் எழுதுகிறாயே, அதைப் பார்த்துச் சில நாள் அழுகிறேன். உனக்கு நான் என்ன செய்யப்போகிறேன்?

ஒரே குறை. சொல்லிப்பார்க்க ஆள் இல்லை. வேலை இடத்தில் மெஷின் சத்தம், எல்லோர் காதிலும் அடைப்பான். வரிகள் கண்ணுக்குத் தெரிகின்றன, காதில் அவை எப்படி விழும் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போனில் பேசு, மாரே. நீ கேட்க நான் சொல்கிறேன். மிர்னாவின் போனையாவது வாங்கிப் பேசு. என் மேல் ஏதாவது கோபமா? இருந்தால் சொல்லிவிடு.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்,
லோலிங்

*

செந்த்-எலொதி
ஜனவரி 8

மாரே,

கோபமா? பைத்தியமே. உன் மேல் எனக்கு என்ன கோபம்.

மிர்னாவின் போன் முழுக்கப் பாட்டு. அதில் பேச்சுக்கு இடமில்லை. இந்தத் தாள்கள்தான் கடைசி, பதினான்கு. தேர்வில் இதற்குமேல் கேட்க மாட்டார்கள். தைரியமாகப் போ. சிரித்த முகமாக உட்கார். உன் சிரிப்பைப் பார்த்தாலே இரண்டு படி கூடக் கொடுப்பார்கள்.

தேர்வு நடக்கிற சனிக்கிழமை உனக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறேன். இரண்டு.

ரெமி

*

லாக்-நுவார்
பிப்ரவரி 2

அன்புள்ள மாரே,

தேறவில்லை. வேண்டியது ஐந்து, வந்தது இரண்டு.

ஆறு மணி நேரம் பஸ்ஸில் போனேன். வழி முழுக்க உன் தாள்களைப் பார்த்துக்கொண்டே போனேன். கண்ணை மூடினால் எந்த வரி எந்தத் தாளில் என்று சொல்லிவிடுவேன். உள்ளே ஒரு சின்னப் பையன், ஜெசாவைவிட நாலைந்து வயது கூட இருப்பான். மரியாதையாக எழுந்து நின்றான். ஏதோ கேட்டான். ஒரே மூச்சில், மழை கொட்டுகிற மாதிரி. அதில் ஒரு சொல்கூட எனக்குத் தெரிந்ததாக இல்லை. நான் படித்த வரிகள்தான் அவை என்று பிறகு தோன்றியது. அவற்றை யாரும் சொல்லிக் கேட்டதே இல்லையே நான்.

சரி, நாமே ஆரம்பிப்போம் என்று நீ பென்சிலால் எழுதின மாதிரியே என் ஊர், வேலை, குடும்பம் எல்லாம் சொன்னேன். தப்பில்லாமல் சொன்னேன், மாரே. அவன் முன்னால் குனிந்து, "மன்னிச்சுக்குங்க மதாம், நீங்க எந்த மொழியில பேசறீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"பிரெஞ்சுலதான்" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் கேட்டதற்கெல்லாம் வீ என்றேன். எத்தனை வீ என்று தெரியாது. கோப்பை மெதுவாக மூடினான். வாசல் வரை வந்து கதவைத் திறந்துவிட்டான்.

உன் மேல் துளிக் குறையும் இல்லை. நீ ஒரு மனுஷி செய்யக்கூடியதற்கு மேலேயே செய்தாய். என் மண்டைதான். ஜெசாவிடம் முடிவு வர நாளாகும் என்று சொல்லியிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்துப் பேச வெட்கமாக இருக்கிறது, இருட்டில் உட்கார்ந்து பேசுகிறேன். அடுத்த தேர்வு ஜூன் பதினான்கு. போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. போய் இன்னொரு பையன் முன்னால் அப்படி உட்கார வேண்டுமா?

நீயும் ஜனவரியில்தானே இதே தேர்வுக்குப் போனாய். உனக்கு எத்தனை வந்தது? எனக்காக மறைக்காதே. சந்தோஷப்படுவேன்.

லோலிங்

*

செந்த்-எலொதி
பிப்ரவரி 11

லோலிங்,

எனக்கு ஐந்து வந்தது.

இந்தக் கடிதத்தில் வேடிக்கை எதுவும் இல்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் முதல் பக்கத்திலேயே ஏதாவது ஜோக் அடித்துவிடுகிறேன். கை பழகிவிட்டது.

ஆகஸ்டில் ஒரு நாள் சமையலறை போன் அடித்தது. நீ மாலை முறை வேலைக்குப் போயிருந்தாய். அடுப்பில் மீன். எடுத்தேன். மையத்திலிருந்து ஒரு பெண். வேகமாகப் பேசினாள். உன் பெயர் காதில் விழுந்தது. புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள், நாளைக்கு அவளையே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வெட்கம். சிரித்துக்கொண்டே வீ என்றேன். இன்னொன்று கேட்டாள். அதற்கும் வீ. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். மீன் தீயவில்லை, சந்தோஷப்பட்டேன். உன்னிடம் சொல்லக்கூட இல்லை, என்ன சொல்வது, எனக்கே தெரியாதே.

இதுவரை நடந்தது தப்பு. நம்மில் யாரும் செய்திருக்கக்கூடிய தப்பு. இதோடு நின்றிருந்தால் உன் காலைப் பிடித்துச் சிரித்தே மன்னிப்பு வாங்கியிருப்பேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடி போன். இந்தத் தடவை எடுத்தது மேஸ்திரி கெய்த்தான், குழாய் சரிபார்க்க வந்திருந்தார். பேசிவிட்டு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: "ரெமி, உனக்கு வகுப்புல எடம் கெடச்சிருச்சு. ஒனக்கு முன்னாடி லோலிங் இருந்தாளாம். மாலை வேலை, வர முடியாது, எடம் வேணாம்னு அவ சார்பா யாரோ சொல்லிட்டாங்களாம். அதான் ஒனக்கு வருது. சரின்னு சொல்லிடவா?"

அப்போதுதான் நான் எதற்கு வீ சொன்னேன் என்று தெரிந்தது. நீ கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். பத்து அடி இருக்கும். கதவு திறந்துதான் இருந்தது, பாடிக்கொண்டிருந்தாய்.

"வீ" என்றேன். அந்த ஒரு வீ மட்டும் புரிந்து சொன்னது.

என் மகன் ஆர்னெலுக்கு இருபத்தொன்று. இருபத்திரண்டு ஆகிவிட்டால் அம்மாவின் மனுவில் அவனைச் சேர்க்க முடியாது. அது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. வந்தது என்று சொல்கிறேன், அதனால் சரி என்று சொல்லவில்லை. உனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது, அவள் தலையைத் தாங்கின கை இது.

இன்னும் இருக்கிறது. கெய்த்தான் அன்றைக்கே, "லோலிங்குக்கு வகுப்பு வேணாம்னா வடக்கே அனுப்ப ஆள் கெடச்சாச்சு" என்றார். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. நீ பெட்டி கட்டும்போது உன் பெட்டியில் ஏறி உட்கார்ந்து மூடிக் கொடுத்தேன். "இந்த எடைக்குத்தான் ஒன்ன வச்சிருக்கோம்" என்று நீ சொன்னாய். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

மையத்தில் உன் பெயரைப் பற்றி நான் கேட்கவே இல்லை. என் போனுக்கு ஒரு நோயும் இல்லை. நீ அழைத்த ஒவ்வொரு ஞாயிறும் அது என் மடியில்தான் இருந்தது. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். கடிதத்தில் எத்தனை பொய் வேண்டுமானாலும் எழுதலாம், லோலிங். நீ "மாரே" என்று கூப்பிட்ட பிறகு என் குரல் பொய் சொல்லாது. அதனால் தாள் தாளாக அனுப்பினேன். தாளை அனுப்பினால் பாதி இடத்தையாவது திருப்பித் தந்த மாதிரி என்று நினைத்தேன். நீ நன்றி எழுத எழுத எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ கேட்டது பத்து நிமிஷம் பேச்சு. அதைக் கொடுத்திருந்தால் அந்தப் பையன் உன்னை எந்த மொழி என்று கேட்டிருக்க மாட்டான்.

மன்னித்துவிடு என்று எழுதத் தகுதி இல்லை. உண்மை உனக்குத் தெரிய வேண்டும், உன் மண்டையில் ஒரு குறையும் இல்லை.

ரெமெதியோஸ்

*

செந்த்-எலொதி
மார்ச் 4

லோலிங்,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன்.

மதாம் பெர்னியேவைக் கூட்டிக்கொண்டு மையத்து அலுவலகத்துக்குப் போனேன். நடந்ததை எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நானே சொன்னேன். உடைந்து உடைந்து. என் இடத்தை உனக்குக் கொடுங்கள் என்றேன். அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள்.

"நீங்க விட்டா பட்டியல்ல அடுத்து இருக்கிறவங்களுக்குத்தான் போகும் மதாம். அவங்க பேர ஆகஸ்டுலயே எடுத்தாச்சு. புதுசா பதியணும்."

"புதுசா பதிஞ்சா எத்தனாவது?"

"நாப்பத்தொண்ணு."

"தப்பு என்னுது. அவளுது இல்ல."

"புரியுது மதாம். ஆனா பட்டியல் பட்டியல்தான்."

மதாம் பெர்னியே என்னைத் திட்டவில்லை. வெளியே வந்து தன் காரைத் திறந்தார், பிறகு திரும்பி, "அஞ்சு மாசம் என் முன்னாடி உக்காந்து சிரிச்சிட்டிருந்தீங்களே" என்றார். அவ்வளவுதான்.

உன் பெயரை நாற்பத்தொன்றாவதாகப் பதிந்துவிட்டு வந்தேன். நான் வகுப்பை விட்டுவிட்டேன். அதனால் உனக்கு ஒரு பயனும் இல்லை. கொலம்பியாவிலிருந்து வந்த இன்னொருவனுக்குப் போயிற்று.

ரெமி

*

லாக்-நுவார்
மார்ச் 23

ரெமி,

இரண்டு கடிதமும் வந்தன. மாரே என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. அதனால் இப்படி. கீழேயும் லோலிங் என்று போடாமல் முழுப் பெயர்தான் போடுகிறேன்.

முதல் வாரம் உன் தாள்களையெல்லாம் அடுப்பில் போட எடுத்தேன். போடவில்லை. அவை எனக்குத் தேவை. அதுதான் எனக்கு ஆத்திரம், உன்னுடையது எனக்குத் தேவையாக இருப்பது.

வகுப்பை விட்டது முட்டாள்தனம். என் இடத்தை எடுத்தாய், அதை எவனுக்கோ கொடுத்துவிட்டு நல்லவளாகிவிட்டாய். யாரைக் கேட்டுச் செய்தாய்?

ஜெசாவிடம் சொல்லவில்லை. உனக்காக இல்லை. தன் தலையைத் தாங்கினவள் இப்படி என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். தேர்வில் தேறவில்லை என்பதை மட்டும் விளக்கைப் போட்டுவிட்டுச் சொன்னேன். அழுதாள். பிறகு, "ஜூன்ல இன்னொண்ணு இருக்குல்லம்மா?" என்றாள்.

ஜூன் தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். நடுவில் பதினொரு ஞாயிறு இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு அழைப்பேன். முதல் மணியிலேயே எடு. ஒரு மணி நேரம் பிரெஞ்சில் மட்டும் பேச வேண்டும். வேகமாகப் பேசு, அந்தப் பையன் பேசின மாதிரி. எனக்குப் புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்வேன், நூறு தடவை சொன்னாலும் மறுபடி சொல்ல வேண்டும். நம் பேச்சில் ஒரு வார்த்தை வந்தாலும் போனை வைத்துவிடுவேன். நலமா என்று கேட்காதே. அழாதே. சிரிக்கவைக்கப் பார்க்காதே.

உன்னிடம் சொல்ல வேண்டியது எனக்கு நிறைய இருக்கிறது. அதற்கெல்லாம் என் பிரெஞ்சு இன்னும் போதாது. ஜூனுக்குள் போதுமானதாகிவிட வேண்டும்.

டொலோரெஸ் மக்பானுவா